நாங்க எத்தனை பேரு

கேட்டுட்டாரு. கமிட்டித் தலைவரு கூவா கேட்டுட்டாரு. "யூட்டுபெலா இனாப்?" இந்த மலைநாட்டுப் பாசையில, நீங்க ரெண்டு பேரும் போதுமான்னு. கோயில்ல பாட்டு எடுத்துக் குடுக்குற தொண்டை அவருக்கு, மெதுவாப் பேசணும்னாலும் வராது, இருவது எட்டு தள்ளி மருந்து ரூம் படியில உக்காந்திருக்க என் காதுல அச்சு அசலா வந்து விழுந்துட்டு. இனி மோனிக்கா பதில் சொல்லணும். பெரிய பதில் ஒண்ணும் வேண்டாம், ஒரே வார்த்தை. மிட்டுபெலான்னு சொன்னா நாங்க ரெண்டு பேரும்னு அர்த்தம், அவளும் தெரெசியாவும், ரெண்டு நர்சும் போதும், மருந்து குடுக்குத இந்த நாசரேத்து சொர்ணபாய் பெட்டியக் கட்டிக்கிட்டு மாசக் கடைசியில விமானம் ஏற வேண்டியதுதான். மிட்ரிபெலான்னு சொன்னா நாங்க மூணு பேரும், மூணாவது ஆளு நான், இங்கயே இருப்பேன். நடுவுல டுவா ட்ரியா, அவ்வளவுதான் வித்தியாசம். பதினோரு வருசம் ஒரு எழுத்துல வந்து நிக்குது பாத்துக்கிடுங்க. மோனிக்கா வாயத் திறக்கக் காணோம். பாக்கு மெல்லுதா. மகராசி, பிரசவம் பாக்கும்போதுகூட பதறமாட்டா, மென்னு முடிச்சு, எழுந்து போய்த் துப்பி, வாயக் கொப்புளிச்சு, அதுக்கப்புறம்தான் பேச்சு. கூட்டம் நடக்கது ஹவுஸ் வின்ல, காத்து வீடு, நாலு கம்பும் மேல தகரமும்தான், சுவர்னு ஒண்ணு கிடையாது. ஆஸ்பத்திரிக் கமிட்டியில ஏழு பேரு, அவுகளோட ரெண்டு நர்சு, அந்த டெனிசு. இங்க ஒரு ஆளைப் பத்திப் பேசணும்னா அந்த ஆளு கூட்டத்துக்குள்ள இருக்கப்படாது, ஆனா கண்ணுக்குத் தெரியுற தூரத்துல இருக்கணும். மூஞ்சியப் பாத்துக்கிட்டே புறணி பேச முடியாதுல்லா, அதுக்குத்தான். நல்ல முறைதான். அடுத்தவளப் பத்திப் பேசுனப்பல்லாம் எனக்கும் நல்ல முறையாத்தான் பட்டுது. இன்னைக்குத்தான் இந்தப் படி குத்துது.

டெனிசு நோட்ட விரிச்சு வச்சுக்கிட்டுப் பேனாவத் தூக்கிட்டு இருக்காரு. ஆஸ்திரேலியாக்காரரு, எங்களுக்கு மருந்து அனுப்புற சங்கத்து ஆளு. கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன், வாய் அழுகிரும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா சேறு முழங்கால் வரைக்கும் ஏற நடந்து வந்து குழந்தைகளுக்கு பலூன் ஊதிக் குடுப்பாரு. இந்தத் தடவை பலூனோட ஒரு காகிதத்தையும் கொண்டாந்துட்டாரு. இனிமே மாத்திரையெல்லாம் தலைநகர்லயே பொட்டலம் போட்டு, இங்கிலீஷ்ல அச்சடிச்ச சீட்டும் ஒட்டி வந்துருமாம். அதனால மருந்து குடுக்கதுக்குன்னு தனியா ஒரு ஆளு, அதுவும் வெளிநாட்டு ஆளு, வேணுமா வேண்டாமா, கமிட்டியே சொல்லட்டும்னு மேலிடத்துல கேட்டிருக்காவளாம். மேலிடத்துக்காரங்க மருந்து வாங்க வந்து நின்னிருக்காவளா இங்க? "ஒன் டாப்லெட் ட்வைஸ் டெய்லி"ன்னு அச்சடிச்ச சீட்ட வாசிச்சுக் குடுத்தா, மேல்மலையிலருந்து வாற கிழவன் அதுல டு, ரெண்டுன்னு ஏதோ காதுக்குக் கேட்டுதுன்னு ரெண்டு மாத்திரையையும் அங்கனயே முழுங்கிட்டு தேங்யூ ட்ரூன்னு சொல்லிட்டுப் போவான். போயிருக்கான். கண்ணால பாத்திருக்கேன். அதுக்குப் பெறவுதான நான் உக்காந்து, என் கையால, ஒவ்வொரு கவர் மேலயும் எழுதுனது, வான்பெலா டைம் சன் ஈ கமாப், வான்பெலா டைம் சன் ஈ கோ டவுன், சூரியன் வரும்போது ஒண்ணு, இறங்கும்போது ஒண்ணு. எழுத்துத் தெரியாதவனுக்கும் பேரப்பிள்ளை வாசிச்சுச் சொன்னாப் போதும், மனசுல நிக்கும். இந்தப் பள்ளத்தாக்குல எந்தக் குடிசைக் கூரையில செருகியிருக்க கவரை எடுத்தாலும் என் எழுத்துதான் இருக்கும். பெருமை அடிக்கேன்னு நெனச்சாலும் நெனச்சுக்கிடுங்க. அடிக்கத்தான் செய்யுதேன், எனக்குன்னு அடிக்க வேற யாரு இருக்கா?

என் தங்கச்சி பியூலா போன்ல கேப்பா, "ஏக்கா, அங்க என்ன பாசைதாங்க்கா பேசுதாவ? யூட்யூப்ல பாத்தேன், ஒடஞ்ச இங்கிலீசுல்லா அது? குழந்த பேசுத மாதிரி இருக்கு" அப்படின்னு. சிரிப்பு வேற. மாப்பிள்ளையும் பின்னால நின்னு சிரிப்பாரு, கேக்கும். ஏட்டி, உனக்கு என்ன தெரியும்? ஒடஞ்சதாம். ஒடஞ்சதுன்னா முன்னால முழுசா இருந்திருக்கணும், பெறவு கீழ விழுந்திருக்கணும். இது விழுந்தது இல்ல, கட்டுனது. எண்ணூறு பாசை இருக்குத நாட்டுல, தோட்டத்துக்கும் கப்பலுக்கும் வேலைக்குன்னு இழுத்துட்டுப் போன சனம், ஒருத்தன் பேசுதது ஒருத்தனுக்குப் புரியாத சனம், தொரைமாரு பேச்சிலருந்து நாலு வார்த்தைய எடுத்து, எலும்பும் நரம்பும் தங்களோடத வச்சு, கட்டி எழுப்புன வீடு இது. வார்த்தை இங்கிலீசு, வீடு அவுகளோடது. முதல் வருசம் நானும் உன்ன மாதிரித்தான் இளக்காரமாக் கேட்டேன், ஒத்துக்கிடுதேன். பாளையங்கோட்டையில படிச்சுப் பட்டம் வாங்குன திமிரு. கோவத்துக்கு பெல்ஹாட்ங்கான், வயித்துச் சூடு. சமாதானத்துக்கு பெல் ஈசிங்கான். நமக்கும் வயிறுதான எரியுது, பக்கத்து வீட்டுக்காரி புதுச் சீலை எடுத்தா? சாப்பிட்டாச்சான்னு கேக்க மாதிரி கைகை பினிஸ்ங்கான், சாப்பாடு, முடிஞ்சுது, ஆச்சு. மெல்ல மெல்லன்னு நாம சொல்லுத மாதிரி ஈசி ஈசிங்கான். சவத்த விடுன்னு சொல்லணுமா, மஸ்கி. எட்டே மாசத்துல பேசிட்டேன். டெனிசு ஆறு வருசமாப் படிக்காரு இன்னும் தடுமாறுதாரு. எதுல தடுமாறுதாருன்னு கேளு பியூலா, அதுலதான் விசயமே இருக்கு.

நாம, நாங்க. இதுலதான் தடுமாறுதாரு. அவரு தாய்ப்பாசையில இந்த ரெண்டுக்கும் 'வி'ன்னு ஒரே ஒரு வார்த்தைதான், பாவம், ஏழைப் பாசை. எதிர்ல நிக்கவனையும் சேத்துக்கிட்டு நாமன்னு சொல்லுதோமா, அவன வெளியில நிறுத்திட்டு நாங்கன்னு சொல்லுதோமா, அந்த வித்தியாசமே அவுகளுக்குக் கிடையாது. எப்படித்தான் குடும்பம் நடத்துதாவளோ! இங்க ரெண்டும் இருக்கு. யூமின்னா நாம, மிபெலான்னா நாங்க. முதல் நாள் இதக் கேட்டப்ப எனக்குச் சிலிர்த்துப் போச்சு, கையில வச்சிருந்த டப்பாவ மேசையில வச்சுட்டேன். இத்தனாயிரம் மைல் தாண்டி, கடல் தாண்டி, மலைக்கு மேல, இங்கிலீசுன்னு நெனச்சு வந்து இறங்குன பாசைக்குள்ள நம்ம நாமளும் நம்ம நாங்களும் உக்காந்திருக்கு. அதுவும் நம்மள விட ஒரு படி மேல, ரெண்டு பேருன்னா மிட்டுபெலா, மூணு பேருன்னா மிட்ரிபெலா, எண்ணிச் சொல்லிருவான், ஒளிவு மறைவு கிடையாது. டெனிசு என்ன செஞ்சாரு? முத வருசம் கூட்டத்துல எழுந்து நின்னு, மிபெலா சேந்து சனிக்கிழமை ரோட்டச் சீர் பண்ணணும்னு முழங்குனாரு. எல்லாரும் தலைய ஆட்டுனாவ. நல்ல விசயம், நீங்க பண்ணுங்க. சனிக்கிழமை மம்பட்டியோட தன்னந்தனியா நின்னுக்கிட்டு இருந்தாரு மனுசன். ஊரே வேலியில சாஞ்சு நின்னு வேடிக்கை பாத்துட்டு, பாவப்பட்டு, சக்கரைவள்ளிக் கிழங்கு சுட்டுக் கொண்டுவந்து குடுத்துச்சு. நான்தான் போய்ச் சொன்னேன், மிபெலான்னு சொல்லிட்டீரே, யூமின்னுல்லா சொல்லியிருக்கணும்னு. சிவந்து போயிட்டாரு. அன்னைக்கு எனக்கு வந்த கர்வம் இருக்கே, ஒரு வாரம் தலை கீழ இறங்கல.

இறக்கிவிட்டவ மோனிக்காதான். அதையும் சொல்லித்தான ஆகணும், பாதிப் பெருமை அடிச்சா கர்த்தர் சும்மா விடுவாரா? எனக்குக் குடுத்த வீட்டுக்குப் பின்னால ஒரு துண்டு நெலம். அவரை போட்டிருந்தேன். மோனிக்கா புதுசா பக்கத்து வீட்டுக்கு வந்தவ, வேலிகிட்ட நின்னு, இது யாரு தோட்டம்னு கேட்டா. நம்ம ஊருல என்ன சொல்லுவோம்? வந்தவங்க கேட்டா என் வீடு, என் தோட்டம்னா சொல்லுவோம்? நம்ம வீடுதான், நம்ம தோட்டந்தான்ம்போம். அது ஒரு மரியாதை. கேக்கவங்களுக்கும் தெரியும், உடனே பாயச் சுருட்டிக்கிட்டு குடிவந்துற மாட்டாங்க. நானும் வாய் நிறைய, காடன் பிலோங் யூமின்னுட்டேன், நம்ம தோட்டம். மறுநாள் விடியக்காலம் மண் வெட்டுத சத்தம். போய்ப் பாத்தா மோனிக்காவும் அவ நாத்தனாரும் பாதி நெலத்தக் கொத்தி மேடு போட்டு கிழங்குக் கொடி ஊணிக்கிட்டு இருக்காளுவ. என்னட்டி இதுங்கேன், நீதான நம்ம தோட்டம்னு சொன்னங்கா. எனக்கு மூணு நாளு பெல்ஹாட். நர்சுன்னு பாக்கேன், இல்லன்னா வேலிக்கம்பப் பிடுங்கியிருப்பேன். ஆனா சொன்ன வார்த்தைய வாபஸ் வாங்க முடியுமா? யூமின்னா யூமிதான் இவுகளுக்கு, ஒப்புக்குச் சொல்லுதது கிடையாது. அஞ்சு மாசம் கழிச்சு கிழங்கத் தோண்டி, என் வாசல்ல கொட்டி, பெருசு பெருசாப் பாத்து என் பக்கம் தள்ளிட்டு, சின்னதத் தான் எடுத்துக்கிட்டுப் போனா. அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது, நான் பாசையக் கத்துக்கிட்டேன், இவ பாசைக்குக் கட்டுப்பட்டு நடக்கான்னு. அதனாலதான் இப்ப பயமா இருக்கு. இந்த மோனிக்கா முகத்துக்காக ஒண்ணு சொல்ல மாட்டா. ரெண்டு பேரு போதும்னு அவளுக்குத் தோணுனா மிட்டுபெலாம்பா, சொல்லிட்டு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து அழுவா.

தோணுமா அவளுக்கு? ஏன் தோணாது? போன மாசம் ஊசி மருந்து கணக்கு வராம நான் அவகிட்ட எரிஞ்சு விழுந்தேன், தெரெசியா முன்னால வச்சு. நான் எரிஞ்சு விழாத நாள் உண்டா? வாயி என் வாயி. தெரெசியா வந்து ரெண்டு வருசந்தான் ஆகுது, வாயத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டா, ஆனா மாத்திரை எண்ணுததுல என்னவிட விரசலு. பொட்டலமாவே வந்துருமுன்னா அவளே பாத்துக்கிடுவா. நானே கமிட்டியில இருந்தா என்ன சொல்லுவேன்? ரெண்டு பேரு போதும்னுதான் சொல்லுவேன். சீ, என்ன நெனப்பு இது. அப்படிப் போனா எங்க போவேன்? பியூலா வீட்டு மச்சு ரூம்புதான். கட்டில் போட்டிருக்கேங்க்கா, ஃபேன் போட்டிருக்கேங்க்கா, எப்ப வேணும்னாலும் வாங்கம்பா, நல்லவதான். காலையில காபி வரும். நாங்க கல்யாணத்துக்குப் போறோம்க்கா, நாங்க டாக்டர்கிட்ட போயிட்டு வந்துருதோம்க்கா, நீங்க வீட்டப் பாத்துக்கிடுங்கம்பா. நாங்க, நாங்க. அந்த நாங்கக்கு வெளிய உக்காந்து காபி குடிக்கணும். இங்க அப்படியா? இங்க நான் போனா ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்க பொட்டப்பிள்ளைகூட சிஸ்டா சோனான்னு கூவும். இங்க நான் ஒரு ஆளு. சொல்லிட்டேன், வெளிப்படையாவே சொல்லிட்டேன், எனக்கு இங்கருந்து போக மனசில்ல.

இங்கிலீசு என்ன எப்பவும் ஒரு ஆளா மதிச்சதில்ல. மெட்ராஸ்ல ஒரு கம்பெனி இன்டர்வியூ, எனக்கு இருவத்தி மூணு வயசு, ஐ ஆம் கமிங் ஃப்ரம் நாசரேத் சார்னேன். சொந்த ஊரு நாசரேத்துன்னு சொன்னேனாம். கோட்டுப் போட்டவரு நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, அப்படியா, எப்பம்மா கிளம்புனீங்க, இன்னும் வந்துக்கிட்டே இருக்கீங்களான்னாரு. ரூமே சிரிச்சுது. எதுக்குச் சிரிக்காவன்னே தெரியாம நானும் சேந்து சிரிச்சேன் பாருங்க, அதுதான் இன்னும் ஆறல. பஸ்ல பாளையங்கோட்டை தாண்டும்போதுதான் புரிஞ்சுது. நாசரேத்துல அத்தன பேரும் அப்படித்தான பேசுவோம். எங்க சாரும் அப்படித்தான் பேசுவாரு, போஸ்ட் மாஸ்டரும் அப்படித்தான் பேசுவாரு. வருதேங்கத வருதேன்னுதான சொல்லுவோம், ஊரு என்ன நேத்தோட முடிஞ்சா போச்சு? இப்ப யோசிச்சா, தப்பு என்மேல இல்ல. அதுவும் ஒரு வீடுதான், நாங்க கட்டுனது, கொஞ்சம் கோணலா. ஆனா அங்க அதச் சொல்லுததுக்கு எனக்கு வாயி இல்ல. இந்த மலைக்கு வந்து, தப்பாப் பேசுதன்னு யாரும் சிரிக்காத ஒரு பாசையில பேசிப் பேசித்தான் எனக்கு வாயே வந்துது.

எழுந்துட்டா. மோனிக்கா எழுந்து ஓரமாப் போய்த் துப்புதா. வாயக் கொப்புளிக்கா. திரும்பி வந்து நிக்கா. உக்காந்து பேசமாட்டா, நின்னுதான் பேசுவா, பேச்சு நீளும். முதல்ல டெனிசுக்கு நன்றி, ரோட்டுல சேறா இருந்துதான்னு விசாரிப்பு. சொல்லித் தொலையேம்ட்டி. பெறவு இந்த ஆஸ்பத்திரி கட்டுனப்ப தகரம் சுமந்தவங்க பேரெல்லாம் சொல்லுதா, ஒருத்தர் விடாம. கமிட்டி தலைய ஆட்டுது. மிபெலாங்கா. மிபெலா தகரம் சுமந்தோம், மிபெலா ஓடையில பாலம் போட்டோம். நாங்க, நாங்க, நாங்க. டெனிசப் பாத்து நாங்கங்கா, அப்ப டெனிசு வெளிய, அது சரி. நான் எங்க? இருவது எட்டு தள்ளி இருக்க நான் அந்த நாங்கக்கு உள்ளயா வெளியவா? இத எப்படி இத்தன வருசமா யோசிக்காம விட்டேன். நாங்கங்கத வார்த்தை கேட்டுக்கிட்டு நிக்கவன மட்டுந்தான் வெளிய தள்ளுது. உள்ள யாரு யாருன்னு அது சொல்லுதது இல்ல. சொல்லுதவ மனசுலதான் அந்தப் பட்டியல் இருக்கு. நான் பாட்டுக்கு யூமிக்கும் மிபெலாவுக்கும் வித்தியாசம் தெரிஞ்சவன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். யூமி என்ன பெரிய யூமி, ஓட்டுக் கேக்க வாறவன்கூட மைக்கப் பிடிச்சு யூமி யூமிங்கான், வந்தவங்களுக்கு உபச்சாரமாச் சொல்லுத வார்த்தை. பதினோரு வருசத்துல இந்தச் சனம் என்கிட்ட எத்தனையோ தடவை யூமின்னிருக்கு, நானும் குளுந்து போயிருக்கேன். ஆனா எனக்கு வேண்டியது அது இல்ல. வேற ஒருத்தன எதிர்ல நிறுத்தி வச்சு, அவன்கிட்ட, என்னையும் உள்ள வச்சு நாங்கன்னு சொல்லணும். ஒரே ஒரு தடவை. அத நான் காதால கேக்கணும். இதுக்குத்தான் இந்தப் பாடு.

தகரத்துல டொக்குன்னு ஒண்ணு. இன்னொண்ணு. வேண்டாம், இப்ப வேண்டாம் ஆண்டவரே, இன்னும் ரெண்டு நிமிசம். எழவு மழை, தினமும் ரெண்டரைக்கு வாறது இன்னைக்கு ரெண்டு மணிக்கே வந்து நிக்குது. மோனிக்கா இப்ப எங்கயோ நெருங்கிட்டா, கை ரெண்டையும் விரிச்சுட்டா. சோ, டெனிஸ். அது கேட்டுது. மி... அதுக்கு மேல மழை. மொத்தமாக் கொட்டுது. ஹவுஸ் வின் தகரத்துல, மருந்து ரூம் தகரத்துல, என் தலைக்கு மேல. மிட்டா, மிட்ரியா? உதட்டப் பாத்துத் தெரிஞ்சுக்கிடலாம்னா இருவது எட்டும் வெள்ளையா மறைஞ்சு கிடக்கு. டுன்னா உதடு குவியும், ட்ரின்னா விரியும், இவ வாயி பாக்குச் செவப்பு, ஒண்ணும் தெரியல. இன்னொரு தரம் சொல்லுதா. ரெண்டு விரல் காட்டுதாளா, மூணா? டெனிசு ஏதோ கேக்காரு. அவ தலைய ஆட்டுதா, இல்லைன்னு. எது இல்ல? கூவா எழுந்துட்டாரு. தெரெசியா குனிஞ்சுக்கிட்டா, முடிஞ்சுது, பிள்ளைக்கு என்னப் பாக்கத் தைரியமில்ல. முந்தானையப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். சொர்ணம், அழப்படாது, இவுக முன்னால அழப்படாது. அப்ப கூவா வெளிய தலைய நீட்டி, இங்க வான்னு கைய அசைக்காரு.

ஓடினேன். ஓடுத வயசா இது, வழுக்குத சேத்துல? நனைஞ்சு போய் உள்ள நுழைஞ்சேன். தெரெசியாதான், எப்பவும் வாயத் திறக்காதவ, என் ஈரத் தோள்ல அவ துண்டப் போட்டு, காதுகிட்ட, "மிட்ரிபெலா"ன்னா. "மோனிக்கா ரெண்டு தரம் சொன்னா. நீ தப்பா எண்ணுத, ரெண்டுதானன்னு டெனிசு கேட்டாரு. இல்ல, எனக்கு எண்ணத் தெரியும்னுட்டா." எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு, நல்லவேளை முகம் முழுக்க மழைத் தண்ணி. மோனிக்காவப் பாக்கேன். அவ என்னப் பாக்கல, பெஞ்சில உக்காந்து அடுத்த பாக்க உரிச்சுக்கிட்டு இருக்கா. என்ன ஒரு திமிரு. என் மோனிக்கா.

கூட்டம் முடியுததுக்கு முன்னால எழுதுனத வாசிச்சுக் காட்டணும், கமிட்டி சரின்னு ஓரைட் சொல்லணும், அப்பத்தான் செல்லும். டெனிசு எழுந்து நோட்டப் பாத்து இங்கிலீஷ்ல வாசிக்காரு, மழைக்கு மேல சத்தமா. கேள்வி, ரெண்டு நர்சுகளும் போதுமா. பதில், சிஸ்டர் மோனிக்கா ஸெட், வி கேன் மேனேஜ். கூவா தலைய ஆட்டுதாரு. மத்தவங்களும் ஆட்டுதாவ. மோனிக்காவும் ஆட்டிட்டா, நாங்க பாத்துக்கிடுவோம்னுதான சொன்னேன்னு. வி. வியாம். ரெண்டு பேரு போதுமான்னு கேள்வி, நாங்க பாத்துக்கிடுவோம்னு பதில். மேலிடத்துல ஏசி ரூம்ல இருந்து இத வாசிக்கவன் என்ன நெனப்பான்? ஆகா, ரெண்டு பேரே போதும்னுட்டாவன்னு சொல்லி, என் பேர அடிச்சுட்டு, டீ குடிக்கப் போவான். மோனிக்கா ரெண்டு தரம் நின்னு சொன்னத இந்த ஒரு எழுத்து முழுங்கிட்டு. கூவா ஓரைட்னு சொல்ல வாயெடுத்துட்டாரு.

"நோகாட்"ன்னேன். இல்ல. என் சத்தம் எனக்கே பெருசாக் கேட்டுது. எல்லாரும் திரும்பிட்டாவ. என்னப் பத்துன கூட்டத்துல நான் பேசப்படாது, தெரியும். மஸ்கி. "டெனிசு, அந்த 'வி'ங்கது யாரு?" இந்தப் பாசையில நீ, நீங்கன்னு மரியாதை வித்தியாசம் கிடையாது, ஒரு ஆளுன்னா யாரா இருந்தாலும் யூதான், ஆனா என் மனசுக்குள்ள நீங்கன்னுதான் ஓடும். டெனிசு கண்ணாடியத் துடைச்சுக்கிட்டு, "மோனிக்காவும் தெரெசியாவும் நீயும்"ன்னாரு. "எத்தனை பேரு?" "மூணு." "அது எங்க எழுதியிருக்கு?" நோட்டப் பாக்காரு. திருப்பியும் பாக்காரு. காது மடல் சிவக்குது, மம்பட்டியோட நின்ன அன்னைக்கு மாதிரியே. நல்ல மனுசன், உடனே பேனாவ எடுத்து, "த த்ரீ ஆஃப் அஸ்னு போட்டுருதேன், சரியா?"ன்னாரு. நான் விடுவேனா? "அஸ்னா? எழுதுதது நீங்க. வாசிக்கவன் என்ன நெனப்பான்? கூவா, மோனிக்கா, டெனிசு, மூணு பேருமா சேந்து மாத்திரை குடுக்கப் போறீங்களா?" கூவாவுக்கு சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துட்டு, தொடையில அடிச்சுக்கிட்டுச் சிரிக்காரு, மழையவிடப் பெருசா. டெனிசும் சிரிச்சுட்டாரு. மோனிக்கா மட்டும் பாக்கு மெல்லுதத நிறுத்திட்டு என்னப் பாக்கா, இப்பத்தான் முதல் தடவையா.

"அப்ப என்னதான் எழுத?"ன்னாரு டெனிசு. "அவ சொன்னத அவ சொன்னபடியே எழுதுங்க"ன்னேன். "இங்கிலீஷ் ரிப்போர்ட்டுல அந்த வார்த்தையா? அங்க யாருக்குப் புரியும்?" "புரியலன்னா கேப்பாங்கல்லா. கேட்டா நாங்க சொல்லுதோம்." நாங்கன்னுதான் சொன்னேன், மிட்ரிபெலான்னு, வாயில தானா வந்துட்டு, சொன்ன பெறவுதான் என் காதுக்கே கேட்டுது. டெனிசு அந்த 'வி'யச் சுத்திக் கோடு போட்டு அடிச்சாரு. மேல எழுத ஆரம்பிச்சு நின்னுட்டாரு. பேசத் தெரியுது, எழுத்துக் கூட்டத் தெரியல. என்னப் பாக்காரு. நான் பெஞ்சில மோனிக்காவுக்கும் தெரெசியாவுக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டேன். ஈரச் சீலை, ரெண்டு பேரும் நகரல. எழுதுங்கன்னேன். எம். ஐ. டி. ஆர். அவரு எழுதுதாரு, கமிட்டி முழுக்க எட்டிப் பாக்கு. ஐ. பி. இ. எல். ஏ. ஒரே வார்த்தைதான் டெனிசு, சேத்து எழுதுங்க, நடுவுல இடம் விடாதீங்க.